சங்கை: சொல்லும் செயலும்

(ரமலானுக்கு முன் நடைபெற்ற அறக்கட்டளைப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

சங்கைக்குரிய ஆலிம் பெருமக்களே, ஜமாஅத் பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, இளைஞர்களே!

இப்போது உங்களை அழைத்தபோது முதலில் ஒரு சொல்லைச் சொன்னேன். சங்கை. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று சற்று நேரம் பேசப் போகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார். வருகின்ற ரமலானில் ஜகாத்தையும் ஃபித்ராவையும் எப்படிக் கொடுப்பது என்று நிர்வாகக் குழு எடுத்திருக்கும் முடிவை உங்கள் முன் வைக்கும் பொறுப்பு எனக்கு. அந்த முடிவுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டு. ஆகவே சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டார்: "சங்கைன்னா சந்தேகம்னு எங்க தமிழய்யா சொல்றாரு. நாம மட்டும் ஏன் சங்கைமிகு ரமலான்னு போஸ்டர் ஒட்டுறோம்? சந்தேகமான ரமலானா?" நல்ல கேள்வி. சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல.

தமிழய்யா சொன்னது சரிதான். சங்கை என்றால் ஐயம் என்று ஒரு பொருள் உண்டு. 'சங்கை ஊதினான்' என்றால் அது சங்கு. மாலை என்றால் பூமாலையும் உண்டு, மாலை நேரமும் உண்டு. இடத்தைப் பார்த்து நாம் பொருள் கொள்கிறோம் அல்லவா? அதுபோல் நம் மக்களின் தமிழில் சங்கை என்றால் உள்ளத்தில் நிறைந்த மரியாதை, மேன்மை, கண்ணியம். சங்கைமிகு ரமலான், சங்கையான குர்ஆன், சங்கைக்குரிய உலமாக்கள் என்று பேசியும் எழுதியும் வருகிறோம். இது நம் வீட்டுக்கு மட்டுமே சொந்தமான சொல் என்றும் நினைக்க வேண்டாம். இலங்கையில் தமிழில் எழுதுபவர்கள் பௌத்தத் தேரர்களைச் 'சங்கைக்குரிய' என்றே குறிப்பிடுகிறார்கள். ஆகவே அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: சொல்லில் பிழை இல்லை தம்பி, தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தச் சொல்லை எங்கே வைக்கிறோம், யாருக்கு வைக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரபியில் மூன்று வேர்கள்

மரியாதையைக் குறிக்க அரபியில் பல சொற்கள் உண்டு. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது தெரிந்த செய்தி. மற்றவர்களுக்காக மூன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

முதலாவது வகார். இதிலிருந்துதான் தவ்கீர் என்ற சொல்லும் வருகிறது. நபியவர்களைத் தவ்கீர் செய்யுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (48:9). இதன் வேரில் இருக்கும் பொருள் கனம், பாரம். காது அடைத்துக் கனத்துப் போவதற்கு வக்ர் என்ற சொல்லைக் குர்ஆன் பயன்படுத்துகிறது (41:5). ஒருவரை மதிப்பது என்றால் அவருக்குக் கனம் கொடுப்பது. நம் தமிழிலும் இதே வழக்கம் இருக்கிறது, பாருங்கள். கனம் என்றால் எடை. கனம் என்றால் மரியாதையும். 'கனம் நீதிபதி அவர்கள்' என்கிறோம். ஒருவர் பேச்சை 'லேசாக' எடுத்துக்கொண்டால் அது அவமரியாதை. இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இரண்டாவது ஹுர்மத். ஹராம், ஹரம் ஷரீஃப், இஹ்ராம், முஹர்ரம், மஹ்ரம் எல்லாம் இந்த ஒரே வேரின் பிள்ளைகள். உருது பேசும் நம் சகோதரர்கள் மரியாதைக்குச் சொல்லும் இஹ்திராம் என்பதும் இதுவே. விலக்கப்பட்டதற்கும் மதிக்கப்பட்டதற்கும் ஒரே வேர் எப்படி வந்தது? இரண்டிலும் ஓர் எல்லை இருக்கிறது. இதற்கு மேல் கை வைக்கக் கூடாது, இதற்கு மேல் கால் வைக்கக் கூடாது என்ற எல்லை. ஒருவரை மதிப்பது என்றால் அவரைச் சுற்றி ஒரு கோடு இருப்பதாக அறிந்து, அந்தக் கோட்டைத் தாண்டாமல் நிற்பது. இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள் மக்களைப் பார்த்து, இந்த நாளும் இந்த மாதமும் இந்த ஊரும் எப்படிப் புனிதமோ அப்படியே உங்கள் உயிரும் பொருளும் மானமும் ஒருவருக்கொருவர் புனிதம் என்று அறிவித்தார்கள். உயிரோடும் பொருளோடும் மானத்தையும் சேர்த்ததைக் கவனியுங்கள். அடுத்தவர் பணத்தை எடுப்பது ஹராம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் மானத்தை எடுப்பதும் அதே வரிசையில்தான் வருகிறது.

மூன்றாவது கரம். கரீம், இக்ராம், தக்ரீம், அக்ரம் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை. இந்த வேரில் மேன்மையும் இருக்கிறது, தாராளமாகக் கொடுப்பதும் இருக்கிறது. அல்லாஹ் கரீம் என்றால் கண்ணியமானவன், கொடையாளன் இரண்டும்தான். ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியிருப்பதாக அல்லாஹ் சொல்லும் இடத்திலும் (17:70) இந்த வேர்ச்சொல்தான் வருகிறது. அங்கே முஸ்லிம், ஹாஜி, செல்வந்தர் என்று யாரும் பிரித்துச் சொல்லப்படவில்லை. ஆதமின் பிள்ளைகள் அனைவரும் அதில் அடங்குகிறார்கள். பிறகு உங்களில் அல்லாஹ்விடம் மிகவும் கண்ணியமானவர் யார் என்று சொல்லும்போது தக்வாவை அளவுகோலாக வைக்கிறான் (49:13). அந்த அளவுகோல் அவன் கையில் இருக்கிறது. நம் கையில் அது இல்லாததால், நாம் யாரையும் குறைத்து எடைபோட வழியில்லை.

கனம் கொடுப்பது, எல்லை தாண்டாமல் நிற்பது, தாராளமாக நடப்பது. சங்கை என்று தமிழில் நாம் சொல்லும்போது இந்த மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். சங்கை வேறு, வணக்கம் வேறு. கிறிஸ்தவர்கள் மர்யமின் மகனைப் புகழ்வதில் வரம்பு மீறியதுபோல் தம்மைப் புகழ வேண்டாம், அல்லாஹ்வின் அடியார் என்றும் அவனுடைய தூதர் என்றும் சொல்லுங்கள் என்று நபியவர்கள் அறிவுறுத்தியது புகாரியில் பதிவாகி இருக்கிறது. நெற்றி தரையில் படுவது அல்லாஹ்வுக்கு மட்டுமே. இந்த வரம்புக்கு உட்பட்டு மனிதருக்கு மனிதர் செய்யும் மரியாதையைப் பற்றியே நான் பேசுகிறேன்.

பட்டங்களும் அவற்றின் பொருளும்

நம் அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். ஜனாப், அல்ஹாஜ், ஹஜ்ரத், மௌலானா என்று பெயருக்கு முன்னால் வரிசையாக வருகின்றன. நல்ல சொற்கள்தாம். ஹள்ரத் என்றால் முன்னிலை, சந்நிதானம். பெயரைச் சொல்லி அழைக்கக் கூச்சப்பட்டு, 'தங்கள் முன்னிலை' என்று சொன்ன பணிவு அதில் இருக்கிறது. ஜனாப் என்பதும் அப்படித்தான்; பக்கம், அருகு என்று பொருள். ஆளைத் தொடாமல், அவருடைய பக்கத்தைத் தொட்டுப் பேசுகிற மரியாதை அது. மௌலானா என்றால் எங்கள் தலைவர். கற்றவர்களை இப்படி அழைப்பது நம் முன்னோர் வழக்கம். அது தொடரட்டும்.

ஆனால் ஓர் அழைப்பிதழில் ஒருவருக்கு 'அல்ஹாஜ்' விடுபட்டுப் போனதற்காகத் திருமணத்துக்கு வராமல் இருந்தவர்கள் உண்டு. அதே திருமணத்தில் பந்தலுக்குப் பின்னால் தேக்சா கழுவிய அம்மாவிடம், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆளில்லாமல் போனதும் உண்டு. செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தை உணவுகளில் மிகக் கெட்டது என்று சொல்லும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கவளமாவது அவருக்குக் கொடுங்கள் என்றும் ஹதீஸ் இருக்கிறது. அடுப்பின் சூட்டைத் தாங்கியவர் அவர் அல்லவா?

நம் தமிழில் மரியாதைக்கு ஓர் எளிய கருவி இருக்கிறது. நீ, நீங்கள். வா, வாங்க. மீன்காரர் எழுபது வயதுக்காரராக இருப்பார். நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை 'என்ன விலை சொல்ற?' என்று கேட்கும். அதே பிள்ளை காரில் வந்து இறங்கும் முப்பது வயதுக்காரரை 'வாங்க மாமா' என்று அழைக்கும். இதை யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. நாம் பேசுவதைக் கேட்டு அது கற்றுக்கொண்டது. சிறியோரிடம் இரக்கமும் பெரியோரிடம் மரியாதையும் காட்டாதவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற நபிமொழியில், பெரியவர் எந்தத் தொழில் செய்பவர், எந்த மதத்தவர், எந்தத் தெருக்காரர் என்ற நிபந்தனை ஏதும் இல்லை.

நபியவர்கள் கனம் கொடுத்த இடங்கள்

மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். கறுப்பு நிறப் பெண்மணி என்று ஓர் அறிவிப்பு வருகிறது. அவர் இரவில் இறந்துவிட்டார். தோழர்கள் நபியவர்களுக்குச் சொல்லாமலே அடக்கம் செய்துவிட்டார்கள். இதைப் பெரிய விஷயமாக அவர்கள் கருதவில்லை போலும். அவரைக் காணாமல் நபியவர்கள் விசாரித்தார்கள். செய்தி தெரிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே போய்த் தொழுதார்கள். மற்றவர்கள் லேசாக எடுத்ததை அவர்கள் கனமாக எடுத்தார்கள். வகார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) தம் முதிய தந்தை அபூ குஹாஃபாவை நபியவர்களிடம் அழைத்து வந்தார்கள். அவர் அதுவரை இஸ்லாத்தில் சேராதவர், பார்வையும் இழந்தவர். வெற்றி வீரராக ஊருக்குள் நுழைந்திருந்த நபியவர்கள், இந்தப் பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கக் கூடாதா, நானே அவரிடம் வந்திருப்பேனே என்று சொன்னார்கள்.

ஒரு ஜனாஸா கடந்து சென்றது. நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடைய ஜனாஸா என்று சொல்லப்பட்டது. அதுவும் ஓர் உயிர் அல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்தி. நம் தெரு வழியாகப் பிற சமய அன்பர்களின் இறுதி ஊர்வலம் போகும்போது கடையின் முன்னால் அமர்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

குழந்தைகளிடமும் அப்படித்தான். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பிக்கு ஒரு குருவி இருந்தது. அது செத்துப்போன வருத்தத்தில் பையன் இருந்தான். நபியவர்கள் அவனை 'அபூ உமைர்' என்று பெரியவர்களை அழைப்பதுபோல் அழைத்து, அந்தக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். அரபியரிடம் 'இன்னாரின் தந்தை' என்று அழைப்பது மரியாதை. அந்த மரியாதை பால்மணம் மாறாத பிள்ளைக்குக் கிடைத்தது. அந்த அனஸ் (ரலி) பத்து ஆண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தவர். ஒரு முறைகூட 'சீ' என்று சொல்லக் கேட்டதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் வீட்டில், நம் கடையில் வேலை செய்யும் பையன் பத்து ஆண்டுகள் கழித்து நம்மைப் பற்றி என்ன சொல்வான்?

பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான் (17:23). அத்தாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போனில் அவர் ஒரே செய்தியை இரண்டாவது தடவை சொன்னால் 'அதான் சொல்லிட்டீங்களே' என்று வெட்டிவிடுகிறோம். பணம் போய்ச் சேர்ந்தது. கனம் போய்ச் சேரவில்லை.

கொடுக்கும் கை

இனி அறக்கட்டளையின் காரியத்துக்கு வருகிறேன்.

ஜகாத் யாருடைய பணம்? இறையச்சமுடையோரின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை இருக்கிறது என்று குர்ஆன் சொல்கிறது (51:19). ஹக் என்ற சொல் அங்கே வருகிறது. ஹக் என்றால் உரிமை, பாத்தியதை. வங்கியில் நம் பணத்தை நாம் எடுக்கப் போகும்போது காசாளர் நம்மை மேடை ஏற்றிச் சால்வை போட்டவர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தால் பொறுத்துக்கொள்வோமா? ஜகாத் வாங்க வருபவரும் தம் உரிமையைத்தான் வாங்க வருகிறார். நாம் இடையில் இருக்கும் காசாளர். அவ்வளவுதான்.

வேறோர் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கணவரை இழந்த ஒரு பெண்மணி ரமலானில் அரிசி, மளிகைப் பை வாங்கினார். வாங்கும்போது எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அவருடைய மகளுக்குப் பேசி முடிக்கும் நிலையில் ஒரு சம்பந்தம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டு, 'பைத்துல்மால் அரிசி வாங்குற வீடா?' என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் தாய் சொன்ன வார்த்தை என் காதில் இன்னும் இருக்கிறது: "அரிசி பத்து நாளைக்கு வந்துச்சு. போன சம்பந்தம் திரும்பி வரலே."

ஒதுங்கிய மாப்பிள்ளை வீட்டார் செய்தது தவறு; அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவர்கள் கையில் அந்தப் படத்தைக் கொடுத்தது யார்? இறுதி ஹஜ்ஜில் உயிர், பொருள், மானம் என்று மூன்று சொல்லப்பட்டது. ஒரு மூட்டை அரிசி கொடுத்து மூன்றாவதை எடுத்துக்கொண்டால் அந்த வியாபாரம் லாபமா, நஷ்டமா? தர்மம் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டியும் நோகச்செய்தும் அதைப் பாழாக்க வேண்டாம் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:264). அதற்கு முந்திய வசனம், நோகச்செய்யும் தர்மத்தைவிட இனிய சொல்லும் மன்னிப்பும் மேல் என்று கற்பிக்கிறது. கொடுக்காமல் நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதே மேல் என்ற அளவுக்கு அந்த எச்சரிக்கை போகிறது.

இன்னொரு வசனத்தையும் நினைவுபடுத்துகிறேன் (2:273). சில ஏழைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, தெரியாதவர்கள் அவர்களை வசதியானவர்கள் என்று எண்ணிவிடுவார்கள். அவர்கள் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். அவர்களுடைய அடையாளத்தைப் பார்த்து நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்டவர்கள் நம் வரிசையில் வந்து நிற்பார்களா? டோக்கன் எண்ணை மைக்கில் கூப்பிட்டால் எழுந்து வருவார்களா? பசியோடு வீட்டிலேயே இருப்பார்கள். நாம் மண்டபத்தில் கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து, எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று துஆ செய்து கலைவோம்.

ஹுசைன் (ரலி) அவர்களின் மகனார் ஜைனுல் ஆபிதீன் அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வருகிறது. மதீனாவில் சில வீடுகளுக்கு இரவு நேரத்தில் உணவு வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்து வைப்பவர் யார் என்று அந்த வீட்டாருக்குத் தெரியாது. அவர்கள் வஃபாத்தானபின் அந்த வரவு நின்றது. குளிப்பாட்டியவர்கள் அவர்கள் முதுகில் மூட்டை சுமந்த தழும்பைக் கண்டார்கள். அப்போதுதான் ஊருக்கு விவரம் தெரிந்தது. இது ஹுர்மத், எல்லை தாண்டாமல் கொடுத்த கொடை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்ற நபிமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதைச் செய்து பார்க்கும் நேரம் இது.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று முஸ்லிம் அல்லாத மக்களும் இன்றுவரை சொல்கிறார்கள். கீழக்கரையில் வாழ்ந்த அந்த வள்ளல், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். தம்மிடம் வந்த புலவர்களை அவர் கைநீட்டி வருபவர்களாக நடத்தவில்லை. விருந்தாளிகளாக நடத்தினார் என்பதே அவரைப் பற்றிய கதைகளின் சாரம். அதனால்தான் அந்தப் பெயர் நிற்கிறது.

நிர்வாகக் குழுவின் முடிவுகள்

இந்த ரமலானிலிருந்து நாம் கடைப்பிடிக்கப் போகும் முறை இது.

1. உதவி பெறுபவர் எவரையும் படம் எடுப்பதில்லை. நம் செய்தி மடலிலும் நோட்டீஸிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அவர்கள் முகமோ பெயரோ வராது. மாணவர்களுக்கான கல்வி உதவிக்கும் தையல் இயந்திரத்துக்கும் இதே விதிதான்.

2. மேடை போட்டு வழங்கும் நிகழ்ச்சி இல்லை. மளிகைப் பொருளுக்குப் பதிலாக இயன்றவரை பணமாகவே கொடுக்கப்படும். தம் வீட்டுக்கு எது தேவை என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்குக் கணக்கில் சேர்க்கப்படும். இல்லாதவர்களுக்குத் தெருப் பொறுப்பாளர் ஒருவரும் அவர் வீட்டுப் பெண் ஒருவரும் தராவீஹுக்குப் பிறகு வீட்டில் போய்க் கொடுத்து வருவார்கள்.

3. விண்ணப்பம் கொடுக்க அலுவலகத்துக்கு வருபவர்களுக்கு நாற்காலியும் தண்ணீரும் இருக்கும். யாரையும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வயதில் சிறியவராக இருந்தாலும் 'நீங்கள், வாங்க' என்றே பேச வேண்டும். விசாரிக்க வேண்டியதைத் தனி அறையில் விசாரிக்க வேண்டும். பெண்களிடம் பெண்களே விசாரிப்பார்கள்.

4. பெயர்ப் பட்டியல் செயலாளர், பொருளாளர், தணிக்கையாளர் ஆகிய மூவர் பார்வையில் மட்டும் இருக்கும்.

5. பள்ளிவாசலில் பணி செய்யும் மோதினார், கபர்ஸ்தானில் குழி வெட்டுபவர், பள்ளியைச் சுத்தம் செய்பவர் ஆகியோருக்குப் பெருநாள் தொகை அவர்கள் சம்பளத்தோடு சேர்ந்த உரிமையாக, பெருநாளுக்கு முன்பே போய்ச் சேரும். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் நிலை இருக்காது. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம்.

குழுவிலேயே இதற்கு ஆட்சேபம் வந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டில் இருந்து அனுப்பும் சகோதரர்கள் படம் கேட்கிறார்கள், படம் இல்லாவிட்டால் நம்பிக்கை குறையும் என்று சிலர் சொன்னார்கள். கணக்குக் கேட்பது அவர்கள் உரிமை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது நம் கடமை. ஆனால் ஒரு படம் எதை நிரூபிக்கிறது? ஒரு பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதை மட்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, தகுதியுள்ளவருக்குப் போனதா என்பதைப் படம் சொல்லாது. அதைத் தணிக்கை அறிக்கைதான் சொல்லும். ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் எண்ணிட்ட ரசீதும், ரமலான் முடிந்த ஒரு மாதத்துக்குள் இனவாரியான கணக்கும் அனுப்பப்படும். சந்தேகம் உள்ளவர் யாராக இருந்தாலும் அலுவலகத்துக்கு வந்து வவுச்சர்களைப் பார்க்கலாம். பெயர்கள் மட்டும் மறைக்கப்பட்டிருக்கும்.

வெளிப்படையாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு ஆர்வம் வருமே என்று இன்னொரு கருத்து வந்தது. அதுவும் சரியே. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட மேல் என்று குர்ஆனே இரண்டையும் சொல்கிறது (2:271). கொடுப்பவர் விரும்பினால் தம் பெயரை அறிவிக்கச் சொல்லலாம், அறிவிப்போம். அது அவர் மானம், அவர் விருப்பம். வாங்குபவரின் முகத்தை வெளியிடும் உரிமை கொடுப்பவருக்கு இல்லை. நமக்கும் இல்லை.

இன்னும் ஒரு வேண்டுகோள். 'ஜகாத் வாங்குற குடும்பம்' என்ற பேச்சு நம் வீட்டுக் கூடங்களில் நிற்க வேண்டும். பெண் பார்க்கும்போதும் பெண் கொடுக்கும்போதும் அதை ஒரு குறையாகப் பேசுவது நிற்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியானவர்களின் எட்டுப் பிரிவை அல்லாஹ்வே வகுத்துச் சொல்லியிருக்கிறான் (9:60). அல்லாஹ் பெயர் சொல்லி ஒதுக்கிய பங்கை வாங்குவதில் என்ன இழிவு? கடனில் மூழ்கியவரும் அந்த எட்டில் ஒருவர். இன்று கடையும் வீடுமாக இருப்பவர் நாளை அந்தப் பிரிவில் வந்து நிற்க எத்தனை நாள் ஆகும்? இந்த விஷயத்தில் தாய்மார்களின் சொல்லுக்கே வலிமை அதிகம். சம்பந்தப் பேச்சில் யாராவது அப்படி இழுத்தால், அதை அங்கேயே நிறுத்துங்கள்.

அன்பானவர்களே! ரமலானைச் சங்கைமிகு ரமலான் என்கிறோம். அந்த மாதத்துக்குச் சங்கை நம்மால் வரவில்லை. குர்ஆன் இறங்கியதால் வந்தது. அதைக் காத்துக்கொள்வது மட்டுமே நம் வேலை. ஒருமுறை இப்னு உமர் (ரலி) கஃபாவைப் பார்த்து, உன் கண்ணியம் எவ்வளவு பெரியது, ஆனால் ஒரு முஃமினின் கண்ணியம் அல்லாஹ்விடம் உன்னைவிடப் பெரியது என்ற கருத்தில் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. கஃபாவின் பக்கம் கால் நீட்டக்கூட நாம் தயங்குகிறோம். பக்கத்து வீட்டு விதவையின் மானத்தின் பக்கமும் அந்தத் தயக்கம் நமக்கு வர வேண்டும்.

வீட்டுப் பொறுப்பாளராகப் பணியாற்ற விரும்பும் சகோதர சகோதரிகள் ஷஅபான் பிறை 20-க்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். உங்கள் தெருவில் கேட்காமல் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர்களை எங்களுக்குக் காட்டுங்கள், காட்டியதை மறந்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நோன்பையும் ஜகாத்தையும் ஏற்றுக்கொள்வானாக! கொடுப்பவரின் பொருளில் பரக்கத் செய்வானாக! பெறுபவரின் தேவையை நிறைவேற்றி, அடுத்த ஆண்டு அவர்களைக் கொடுப்பவர்களாக ஆக்குவானாக! நம் நாவில் இருக்கும் சங்கையை நம் கைகளிலும் தந்தருள்வானாக! ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.